15 பிபிஎம், 12 மைல், 50 மைல்: கப்பல் எண்ணெய்க் கழிவு விதியில் எது சரி?

#1 புதுக்கப்பல்

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் ஜூனியர் இன்ஜினியராக ஒரு பல்க் கேரியரில் (மொத்தச் சரக்குக் கப்பல்) ஏறப் போகிறேன். அதற்குள் மார்பால் (கப்பல் மாசைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தம்) இணைப்பு 1-ஐ, அதாவது எண்ணெய்க்கான விதிகளை, ஒழுங்காகப் படித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சீனியர் ஒருவர் கொடுத்த நோட்ஸில் "12 மைலுக்கு அப்பால், 100 பிபிஎம்முக்குள்" என்று இருக்கிறது. வகுப்பில் 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு எண்ணெய்) என்று மட்டும்தான் சொன்னார்கள், தூரம் பற்றிப் பேச்சே இல்லை. டேங்கரில் போகும் நண்பன் 50 மைல் என்று அடித்துச் சொல்கிறான். எது சரி? புத்தகத்தில் இருப்பதைவிட, கப்பலில் உண்மையில் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 இயந்திரஅறை

தம்பி, வாழ்த்துகள். நீ கேள்விப்பட்ட மூன்றுமே விதியில் இருந்தவைதான், ஆனால் ஒன்று காலாவதியானது, மற்ற இரண்டும் வேறு வேறு விஷயத்துக்கு.

1973-இல் மார்பால் எழுதியபோது இன்ஜின் அறையின் அடியில் தேங்கும் எண்ணெய் கலந்த பில்ஜ் தண்ணீருக்குக் கரையிலிருந்து 12 மைல், 100 பிபிஎம் என்றுதான் வைத்தார்கள். 1992-இல் திருத்தினார்கள். 1993 ஜூலையிலிருந்து 15 பிபிஎம். பழைய கப்பல்களுக்கு மட்டும் 1998 ஜூலை வரை அவகாசம். அந்தத் திருத்தத்தோடு 12 மைல் நிபந்தனையும் போய்விட்டது. உன் சீனியரின் நோட்ஸ் அதற்கு முந்தைய சரக்கு, தூக்கிப் போடு. ஆனால் நிறைய கம்பெனிகள் தங்கள் கையேட்டில் இன்றும் 12 மைல் என்று வைத்திருக்கின்றன, சில நாடுகளின் உள்ளூர்ச் சட்டம் இன்னும் கடுமை. கப்பலில் ஏறியதும் கம்பெனிக் கையேட்டைப் பார்.

இப்போதைய விதி 15 சொல்வது: கப்பல் பயணத்தில் இருக்க வேண்டும், நங்கூரத்தில் நிற்கும்போது கூடாது. 400 கிராஸ் டன்னும் அதற்கு மேலும் என்றால் வடிகட்டும் கருவி வழியாகத்தான் போக வேண்டும். வெளியே போகும் நீரில் எண்ணெய் 15 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது, அதுவும் தண்ணீர் கலந்து நீர்க்காமல். 10,000 டன்னும் அதற்கு மேலும் என்றால் அலாரமும், தானாக நிறுத்தும் வசதியும் கட்டாயம். சிறப்புப் பகுதி என்று அறிவித்த கடலுக்குள் விடுவதென்றால் சின்னக் கப்பலுக்கும் அதே கட்டாயம். அண்டார்டிக்காவில் ஒரு சொட்டுகூட விடக் கூடாது. 2017-இல் துருவக் குறியீடு (துருவக் கடல்களில் ஓடும் கப்பல்களுக்கான விதித் தொகுப்பு) வந்த பிறகு ஆர்க்டிக் கடலிலும் அப்படித்தான்.

ஸ்லட்ஜ் கதை தனி. எரிபொருளைச் சுத்தம் செய்யும் பியூரிஃபையர் துப்புகிற கழிவை எத்தனை மைல் தள்ளிப் போனாலும் கடலில் விட முடியாது. இன்சினரேட்டரில் எரிக்கலாம், பாய்லரில் எரிக்க வசதி இருந்தால் எரிக்கலாம், இல்லாவிட்டால் துறைமுகத்தில் லாரிக்கோ பார்ஜுக்கோ கொடுக்க வேண்டும்.

ஓடபிள்யூஎஸ் மெஷினை, அதாவது பில்ஜ் தண்ணீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் அந்தக் கருவியை, முதல் வாரத்திலேயே கூட நின்று பழகிக்கொள். பில்ஜ் தண்ணீர் தட்டுகளுக்கு இடையே மெதுவாகப் போகும்போது எண்ணெய் மேலே ஒதுங்கும். மிச்சம், சின்னத் துளிகளை ஒன்றுசேர்க்கும் கோலெசர் ஃபில்டரில் சேரும். வெளியேறும் குழாயிலிருந்து ஒரு மெல்லிய சாம்பிள் லைன் மானிட்டருக்குப் போகும். அங்கே ஒரு கண்ணாடிக் குழாய், அதன் வழியாக ஒளி பாயும், ஒளி எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்து எண் காட்டும். 15-ஐத் தாண்டினால் த்ரீ-வே வால்வு திரும்பி, தண்ணீர் மறுபடி பில்ஜ் டேங்குக்கே போய்விடும். அந்தக் கண்ணாடியில் துருப்பொடி படிந்தாலும் எண் ஏறும். பல இன்ஜினியர்கள் "மெஷின் சரியில்லை" என்று எரிச்சல் படும்போது பாதி நேரம் பிரச்சினை அந்தக் கண்ணாடிதான். இன்னொன்று, சோப்பு. இன்ஜின் அறையைக் கழுவ கெமிக்கலை அள்ளி ஊற்றிவிட்டால் எண்ணெய் பால்போலக் கலந்துவிடும், எந்த மெஷினாலும் பிரிக்க முடியாது.

#3 ஸ்லாப்டேங்க்

50 மைல் எங்கள் கணக்கு. டேங்கரின் சரக்குத் தொட்டி கழுவிய தண்ணீருக்கு மட்டும், விதி 34. டேங்கராக இருந்தாலும் இன்ஜின் அறை பில்ஜுக்கு மேலே அண்ணன் சொன்ன 15 பிபிஎம்தான், பம்ப் ரூம் பில்ஜ் அதில் கலக்காத வரை.

விதி 34-இன்படி சிறப்புப் பகுதிக்கு வெளியே, கரையிலிருந்து 50 மைலுக்கு மேல், ஓடிக்கொண்டே, ஒரு மைலுக்கு 30 லிட்டர் எண்ணெய்க்குள். மொத்தமும் சேர்த்து ஏற்றியிருந்த சரக்கில் 30,000-இல் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இதையெல்லாம் ஓடிஎம்ஈ என்ற எண்ணெய் அளவுக் கண்காணிப்புக் கருவி கணக்கிட்டுப் பதிவு செய்துகொண்டே இருக்க வேண்டும்.

#4 முட்டம்கரை

நான் கப்பல்காரன் இல்லை. குமரி மாவட்டத்தில் கடல் தொழில் செய்கிற குடும்பம். தேடிக்கொண்டு வந்தபோது இந்த இழை கண்ணில் பட்டது, அதனால் கேட்கிறேன்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் கரையில் தார் உருண்டை ஒதுங்கும். வேப்பங்கொட்டை அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை. மணலில் நடந்தால் காலில் ஒட்டும், அது போகட்டும். வலையில் பட்டால்தான் வேதனை. கண்ணி கண்ணியாகப் பிசின்போல இறுகிவிடும். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தால் தார் போகும், கூடவே நூலின் உயிரும் போகும். அந்த வலையில் வந்த மீனில் வாடை இருக்கிறது என்று ஏலத்தில் விலையைக் குறைப்பார்கள். ஒரு தடவை ஒரு அலுவலகத்தில் போய்ச் சொன்னோம். எந்தக் கப்பல் என்று பெயர் கொண்டுவாருங்கள் என்றார்கள். இரவில் பத்துப் பன்னிரண்டு மைலுக்கு அப்பால் வெளிச்சம் மட்டும் தெரிகிற கப்பலின் பெயரை நாங்கள் எப்படிக் கொண்டுவருவது?

இங்கே படித்தால், விடுவதற்குச் சட்டமே அனுமதி கொடுத்திருக்கிறது போலிருக்கிறது. மைலுக்கு 30 லிட்டர் என்றால் எங்கள் கடல் என்ன ஆகும்? ஒரு சொட்டும் விடாதே என்று ஏன் சொல்லவில்லை?

#5 இயந்திரஅறை

அண்ணே, உங்கள் கேள்வி நியாயமானது. இன்ஜின் அறைக் கணக்கை மட்டும் நான் சொல்கிறேன், டேங்கர் கணக்கை அந்தத் தம்பி சொல்லட்டும்.

15 பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் 15 பங்கு. 10 டன் பில்ஜ் தண்ணீரை விதிப்படி விட்டால் அதில் இருக்கக்கூடிய எண்ணெய் அதிகபட்சம் 150 மில்லி. மெஷின் மணிக்கு 2 டன் தள்ளுகிறது, கப்பல் 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் போகிறது என்று வையுங்கள். ஒரு மைல் நீளத்துக்கு 3 மில்லிகூட விழாது.

இப்போது மறுபக்கம். ஐரோப்பாவில் விமானத்திலிருந்து எண்ணெய்ப் படலத்தை அளப்பதற்கு பான் ஒப்பந்தம் என்ற ஏற்பாட்டில் ஒரு நிறக் கணக்கு வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கே மெலிதாகத் தெரியும் வெள்ளிப் பளபளப்பு ஒரு சதுர கிலோமீட்டர் இருந்தால், அதில் குறைந்தது 40 லிட்டர் எண்ணெய் இருக்கிறது. வானவில் நிறம் தெரிந்தால் 300 லிட்டருக்கு மேல். ஆகவே ஒரு பல்க் கேரியருக்குப் பின்னால் நிறம் நிறமாகப் படலம் ஓடுகிறது என்றால் அது 15 பிபிஎம் தண்ணீர் இல்லை, மெஷினைத் தாண்டி நேராகப் போனது. சட்டமும் இதை ஏற்கிறது: கப்பலுக்குப் பக்கத்திலோ அதன் பின்தடத்திலோ எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தால் அரசுகள் உடனே விசாரிக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது.

உங்கள் வலையில் ஒட்டும் தாரும் அப்படித்தான். 15 பிபிஎம் தண்ணீரிலிருந்து உருண்டை திரளாது. கனமான எரிபொருள், ஸ்லட்ஜ், கச்சா எண்ணெய் இவை கடலில் கிடந்து, இலேசான பகுதி ஆவியாகி, மிச்சம் இறுகித்தான் உருண்டையாகும். உங்கள் கரையில் ஒதுங்குவது, விதியை யாரோ மீறியதால் வந்தது என்பதே என் கருத்து.

#6 ஸ்லாப்டேங்க்

டேங்கர் பக்கம் அவ்வளவு சுத்தமாகச் சொல்லிவிட முடியாது, அண்ணா. மைலுக்கு 30 லிட்டர் என்பது கண்ணுக்குத் தெரியும் அளவுதான். மூன்று லட்சம் டன் ஏற்றிய பெரிய கப்பலுக்கு 30,000-இல் ஒரு பங்கு என்றால் 10 டன். சட்டப்படியே 10 டன். 350 மைலுக்கு மேல் பரப்பி விட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் புரியும். முன்பெல்லாம் டேங்கர் சரக்கை இறக்கிய பிறகு அதே தொட்டியில் கடல்நீரை பேலஸ்டாக (கப்பல் நிலையாக நிற்க வேண்டிய எடையாக) நிரப்பிக்கொண்டு திரும்பும். வழியில் தொட்டியைக் கழுவி எல்லாவற்றையும் கடலில் கொட்டிவிடும். அதுதான் தொழிலின் நடைமுறையாகவே இருந்தது. 1954-இல் லண்டனில் முதல் ஒப்பந்தம் போட்டபோது கரையோரம் 50 மைல் பட்டையில் மட்டும்தான் தடுத்தார்கள். 1967-இல் டாரி கேன்யன் இங்கிலாந்துக்குப் பக்கத்தில் பாறையில் ஏறி ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கொட்டிய பிறகுதான் உலகம் முழித்துக்கொண்டது. ஆனால் விபத்தில் கொட்டியதைவிட அன்றாடம் கழுவி ஊற்றியதுதான் அதிகம். 1969 திருத்தத்தில் மைலுக்கு 60 லிட்டர், 15,000-இல் ஒரு பங்கு. பிறகு 30,000-இல் ஒரு பங்கு. 1993-இல் மைலுக்கு 30 லிட்டர். படிப்படியாக இறக்கிக்கொண்டே வந்தார்கள்.

இன்று கப்பலின் அமைப்பே மாறிவிட்டது. பேலஸ்டுக்குத் தனித் தொட்டி இருக்கிறது, எண்ணெயும் கடல்நீரும் சந்திப்பதில்லை. கச்சா எண்ணெயைக் கொண்டே தொட்டியைக் கழுவுகிறோம். மிச்சத்தை ஸ்லாப் என்ற கழிவுத் தொட்டியில் தேக்கி, அதன் மேலேயே அடுத்த சரக்கை ஏற்றுகிறோம், அல்லது கரையில் கொடுக்கிறோம். நான் வேலை செய்த கச்சா எண்ணெய்க் கப்பல்களில் அந்த 10 டன் உரிமையை யாரும் தொட்டதில்லை. தேவையே இல்லாத உரிமை சட்டத்தில் ஏன் கிடக்க வேண்டும்? எடுத்துவிடலாம் என்பதுதான் என் கட்சி.

#7 திருமலை

நான் கிழக்கிலங்கைக்காரன், கரையில் இருந்து கப்பல் ஏஜென்சி வேலை பார்க்கிறேன். முட்டம் அண்ணன் சொல்வதில் ஒரு விஷயம் விடுபடுகிறது. இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனைக்குத் தெற்கால்தான் ஐரோப்பா, வளைகுடா, சிங்கப்பூர் என்று எல்லாக் கப்பலும் போகும். உலகத்தின் மிக நெருக்கமான பாதைகளில் ஒன்று. அப்படியிருந்தும் வங்காள விரிகுடாவோ, நம் இரண்டு நாட்டுக்கும் இடைப்பட்ட கடலோ சிறப்புப் பகுதி இல்லை.

மத்தியதரைக்கடல், பால்டிக், கருங்கடல், வளைகுடா, தென்னாப்பிரிக்காவின் தெற்குக் கடல், ஓமான் பக்கத்து அரபிக்கடல் எல்லாம் பட்டியலில் உண்டு. செங்கடலும் ஏடன் வளைகுடாவும் பேருக்குப் பல காலமாகப் பட்டியலில் இருந்தாலும் 2025 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. ஏன் அவ்வளவு தாமதம்? ஒரு கடலைச் சிறப்புப் பகுதியாக்க வேண்டுமென்றால், சுற்றியுள்ள துறைமுகங்களில் கழிவை வாங்கிக்கொள்ளும் வசதி போதிய அளவு இருக்கிறது என்று அந்த நாடுகள் சொல்ல வேண்டும். நோய் அங்கேதான் இருக்கிறது. கழிவைக் கொடுக்க இடம் இல்லை, இருந்தாலும் அநியாயக் கட்டணம், அல்லது பார்ஜ் வர இரண்டு நாள் காத்திரு என்பார்கள். கப்பல் நாள்வாடகைக்கு ஓடுகிறது, யார் காத்திருப்பார்கள்?

பால்டிக்கில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கழிவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் துறைமுகக் கட்டணத்தோடேயே அந்தச் செலவையும் வாங்கிவிடுகிறார்கள். காசு எப்படியும் போய்விட்டது, பிறகு எதற்குக் கடலில் கொட்டுவது? மேலே விமானம், 2007 முதல் ஐரோப்பா முழுவதற்கும் செயற்கைக்கோள் ரேடார். எண்ணெய் பட்ட இடத்தில் சிற்றலை அடங்கிவிடும், ரேடாரில் கறுப்பாகத் தெரியும். இரவானாலும் மேகமானாலும் தப்பாது. முன்பு ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் கண்டுபிடித்த கசிவுகள் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டன. நமது கடலில் இந்த இரண்டும் சேர்ந்து வராத வரைக்கும் விதியைக் குறை சொல்லிப் பயனில்லை.

#8 கடலோரன்

எண்ணூரில் 2017 ஜனவரி 28 அன்று இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது ஜனங்கள் வாளியால் அள்ளினார்கள். அதை யாரும் மறக்கவில்லை. இவ்வளவு விதி பேசுகிறீர்களே, அப்போது எங்கே போயின இதெல்லாம்?

#9 இயந்திரஅறை

அது மோதல் விபத்து, வேறு சட்டம். கப்பலுக்குச் சேதமாகி எண்ணெய் வெளியேறினால் விதி 4-இன் விலக்கில் வரும், வேண்டுமென்றே செய்யாமலும் அலட்சியம் இல்லாமலும் இருந்தால். இழப்பீடு, சுத்தப்படுத்தும் தயார்நிலை எல்லாம் தனி விவாதம். தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். இங்கே வேண்டுமென்றே விடுவதைப் பற்றிப் பேசுவோம்.

#10 பழையசர்வேயர்

கப்பல்களைச் சோதிக்கும் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புதுக்கப்பல் தம்பிக்காக எழுதுகிறேன்.

15 என்ற எண்ணை மனப்பாடம் செய்தது போதும். இனி ஆயில் ரெக்கார்டு புத்தகத்தை, அதாவது கப்பலின் எண்ணெய்ப் பதிவேட்டை, படிக்கக் கற்றுக்கொள். இந்த விதி முழுவதும் அந்தப் புத்தகத்தின் மேல்தான் நிற்கிறது, ஏனென்றால் நடுக்கடலில் சாட்சி வேறு யாரும் இல்லை. ஒவ்வொரு வேலையையும் செய்த அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும், ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் கேப்டன் கையெழுத்து, கடைசிப் பதிவிலிருந்து மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். பதிவுக் குறிகளில் சி என்றால் ஸ்லட்ஜ், டி என்றால் கையால் தொடங்கிய பில்ஜ் வெளியேற்றம், எஃப் என்றால் மெஷின் பழுது, எச் என்றால் பங்கர் (எரிபொருள் ஏற்றுவது).

நாங்கள் கப்பலில் ஏறியதும் முதலில் செய்வது கணக்கு. நாளைக்கு 25 டன் கனரக எரிபொருள் எரிக்கும் கப்பலில் சுமார் ஒன்றரை சதவீதம் ஸ்லட்ஜ் என்று வைத்தால், நாளைக்கு 375 கிலோ. இருபது நாளில் ஏழரை டன். புத்தகத்தில் இரண்டு டன்தான் இருக்கிறது, கரையில் கொடுத்த ரசீதும் இல்லை என்றால், மிச்சம் எங்கே? எரித்தோம் என்பார்கள். இன்சினரேட்டர் மணிக்கு எவ்வளவு எரிக்கும், எத்தனை மணி ஓடியது, அதற்கு டீசல் எவ்வளவு போனது என்று கேட்போம். அங்கேயே பாதிப் பேருக்கு வியர்த்துவிடும்.

பிறகு இன்ஜின் அறை. ஓவர்போர்டு வால்வுக்குப் பக்கத்துக் குழாயைக் கழற்றச் சொல்லி உள்ளே வெள்ளைத் துணியை விட்டுத் துடைப்போம். 15 பிபிஎம் தண்ணீர் போகிற குழாயில் கறுப்பு மசகு வரக் கூடாது. குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்சுகளைப் பார்ப்போம். சுற்றிலும் பழைய பெயின்ட், ஒரு பிளாங்க் (மூடிய) ஃபிளாஞ்சில் மட்டும் போல்ட் தலையில் பெயின்ட் பெயர்ந்து பளபளவென்று இருந்தால், அங்கே ஒரு குழாய் அடிக்கடி மாட்டிக் கழற்றப்படுகிறது. அதுதான் மேஜிக் பைப். மெஷினைச் சுற்றிக்கொண்டு டேங்கிலிருந்து நேராகக் கடலுக்கு.

கரீபியன் பிரின்சஸ் என்ற பயணிகள் கப்பலை எடுத்துக்கொள். 2013 ஆகஸ்ட் 26, இங்கிலாந்துக் கரையிலிருந்து 23 மைலில், அப்படி ஒரு குழாய் வழியாக 4,227 கேலன், ஏறக்குறைய 16,000 லிட்டர் எண்ணெய்க் கழிவைக் கடலில் விட்டார்கள். அதே நேரத்தில் மெஷின் வழியாகச் சுத்தமான கடல்நீரை ஓட்டி, எல்லாம் ஒழுங்காக நடந்ததுபோல் பதிவு உண்டாக்கினார்கள். புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் ஒருவர் அதைக் கண்டுபிடித்து, சவுதாம்ப்டனில் இறங்கி பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் சொன்னார். உடனே குழாயைக் கழற்றிவிட்டு, கீழே உள்ளவர்களைப் பொய் சொல்லச் சொன்னார்கள். 2016-இல் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டது, தண்டம் 4 கோடி டாலர். வேண்டுமென்றே கப்பல் செய்த மாசுக்கு அதுவரை இல்லாத தொகை. மூடிமறைக்கப் பார்த்ததும் பொய்ப் பதிவும் அந்த வழக்கின் பெரும்பகுதி.

#11 புதுக்கப்பல்

நன்றி சார். கேட்கக் கூச்சமாக இருந்தது, கேட்டுவிடுகிறேன். சீனியர் ஒருவர், "ஓடபிள்யூஎஸ் எல்லாம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஓட்டிக் காட்டத்தான், சீஃப் இன்ஜினியர் சொன்னால் குழாயை மாட்டிவிட்டுப் பேசாமல் இரு, அடுத்த கான்ட்ராக்ட் முக்கியம்" என்றார். ஏஜென்டுக்குக் கட்டிய பணத்துக்கு வீட்டில் கடன் இருக்கிறது. அப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வது?

#12 இயந்திரஅறை

தம்பி, அந்த ஸ்பானரை நீ கையில் எடுக்காதே. சீஃப் சொன்னார் என்பதற்கு எழுத்தில் எதுவும் இருக்காது, மாட்டியவன் நீ என்பதற்கு நான்கு பேர் இருப்பார்கள்.

முதலில் மரியாதையாக, "சார், ஃபில்டர் மாற்றிப் பார்க்கட்டுமா, கண்ணாடியைச் சுத்தம் செய்து பார்க்கட்டுமா" என்று வேலையாகக் கேள். உண்மையில் பாதிக் கப்பல்களில் காரணம், ஸ்பேர் வரவில்லை, டேங்க் நிறைந்துவிட்டது என்பதுதான். மெஷின் கெட்டுப்போனால் எஃப் பதிவு போட்டு, கம்பெனிக்கு மெயில் போட்டு, தண்ணீரை டேங்கில் வைத்துக்கொண்டு அடுத்த துறைமுகத்தில் கொடுக்க சட்டத்திலேயே வழி இருக்கிறது. நல்ல சீஃப்கள் அதைத்தான் செய்கிறார்கள், அவர்கள்தான் அதிகம். கேட்கவில்லையென்றால், மெஸ் ரூமில் ஒட்டியிருக்கும் தாளில் கம்பெனியின் டிபிஏ (கரையில் இருக்கும் பொறுப்பு அதிகாரி) எண் இருக்கும். கேப்டனைத் தாண்டி நேராகப் பேசலாம் என்பதற்காகவே வைத்த எண் அது.

#13 ஸ்லாப்டேங்க்

அமெரிக்காவில் தகவல் சொன்னவருக்குத் தண்டத்தில் பாதி வரை கொடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கரீபியன் பிரின்சஸ் இன்ஜினியருக்கு 10 லட்சம் டாலர் கிடைத்தது. அதனாலேயே சிலர் தடுக்காமல், வீடியோ மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு அமெரிக்கத் துறைமுகம் வரும்வரை காத்திருக்கிறார்கள் என்று ஒரு குற்றச்சாட்டும் இருக்கிறது. அதுவரை கடலில் போனது போனதுதானே?

#14 பழையசர்வேயர்

அந்தக் குற்றச்சாட்டைக் கம்பெனித் தரப்பு வழக்கறிஞர்கள் நிறையப் பேசுவார்கள். பணம் மட்டும்தான் நோக்கம் என்று நான் நினைக்கவில்லை. தகவல் சொன்னவரும் சாட்சி சொல்ல வேண்டியவரும் வழக்கு முடியும்வரை மாதக்கணக்கில் வீட்டுக்குப் போக முடியாமல் அங்கேயே கிடக்க நேரும். பிறகு இந்தத் தொழிலில் யார் வேலை தருவார்கள் என்பது நிச்சயமில்லை. அதற்கு ஈடாக ஏதாவது இருக்கத்தான் வேண்டும். நம் பக்கத்து நாடுகளில் அந்த ஈடும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. இளம் இன்ஜினியர் ஒருவர் சொன்னால் அவருடைய பெயர் வெளியே வராது, வேலையும் போகாது என்று ஒரு ஏற்பாடு இங்கே வந்தால், நூறு சோதனைகளைவிட அதிகம் வெளிச்சத்துக்கு வரும்.

இன்னொன்று, தம்பி. அமெரிக்க வழக்குகளில் பெரும்பாலும் எண்ணெய் விட்டது அவர்கள் கடலிலேயே இல்லை. பொய்யான புத்தகத்தை அவர்கள் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து காட்டியதுதான் குற்றம். ஆகவே நீ செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போடாதே. "எல்லாரும் போடுவதுதான்" என்று நீட்டினாலும் போடாதே.

#15 முட்டம்கரை

எல்லாருக்கும் நன்றி. சட்டம் விடச் சொல்லவில்லை, மீறித்தான் விடுகிறார்கள் என்பது இப்போது புரிகிறது. டேங்கர் தம்பி அந்த 10 டன்னை எடுக்க வேண்டும் என்று சொன்னது மனசுக்கு ஆறுதல். ஒரே ஒரு கேள்வி. நாங்கள் கடலில் படலத்தைப் பார்த்தாலோ கரையில் தார் ஒதுங்கினாலோ, கப்பல் பெயர் இல்லாமல் சொன்னால் எடுபடுமா?

#16 பழையசர்வேயர்

எடுபடும் ஐயா. பெயர் வேண்டாம். 1554 கடலோரக் காவல்படையின் எண். பார்த்த நேரம், ஜிபிஎஸ் காட்டும் இடம், படலத்தின் நீளமும் நிறமும், காற்று எந்தப் பக்கம், நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம், இவ்வளவும் சொல்லுங்கள். பெரிய கப்பல்கள் எல்லாம் ஏஐஎஸ் என்ற கருவியில் தங்கள் இடத்தைச் சொல்லிக்கொண்டே போகின்றன. நேரமும் இடமும் சரியாக இருந்தால் அந்தப் பாதையில் யார் போனது என்று பின்னோக்கிப் பார்க்க முடியும்.

தார் உருண்டையை பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், பிளாஸ்டிக்கின் இரசாயனம் கலந்து சோதனையைக் கெடுக்கும். அலுமினியத் தாளில் சுற்றி, அல்லது சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, தேதியும் இடமும் எழுதி, வெயில் படாமல் வையுங்கள். ஒவ்வொரு எண்ணெய்க்கும் கைரேகை மாதிரி ஓர் இரசாயன அடையாளம் உண்டு. கப்பல்கள் தாங்கள் வாங்கிய எரிபொருளின் சாம்பிளை குறைந்தது 12 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதும் மார்பால் விதிதான். ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

#17 திருமலை

அண்ணன், படம் எடுத்தால் போனில் இடம் பதிவாகும் வசதியை ஆன் செய்துவிட்டு எடுங்கோ. படலம் மட்டும் வராமல், தூரத்தில் கப்பல் தெரிந்தால் அதையும் சேர்த்து எடுங்கோ.